கோண உந்தம்: சுழலும் பொருள்களைக் கணக்கிட்ட வரலாறு

ஒரு பொருள் தன் அச்சில் சுழலும்போதோ, ஒரு புள்ளியைச் சுற்றி நகரும்போதோ அதனிடம் எவ்வளவு சுழற்சி சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு கோண உந்தம். நிலையான அச்சில் சுழலும் திண்மப் பொருளுக்கு, நிலைமத் திருப்புத்திறனைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினால் கோண உந்தம் கிடைக்கும். தனித் துகளுக்கு, அதன் உந்தத்தை, நாம் தேர்ந்த புள்ளியிலிருந்து அதன் பாதைக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்க வேண்டும். அலகு இரண்டுக்கும் ஒன்றே: கிலோகிராம் மீட்டர்²/நொடி. வெளியிலிருந்து திருப்பு விசை செயல்படாத வரை அமைப்பின் மொத்தக் கோண உந்தம் மாறாது.

வாய்பாடுகள் இரண்டையும் ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். கணக்கு தவறுவதெல்லாம் அதற்கு முந்தைய வரியில்தான். எந்த அச்சைப் பற்றிக் கணக்கிடுகிறோம், எந்தெந்தப் பொருள்களைச் சேர்த்துக்கொள்கிறோம், எந்தத் திசைச் சுழற்சியை நேர்க்குறியாகக் கொள்கிறோம் என்ற மூன்றையும் முதலில் எழுதாமல் எண்களைப் போடத் தொடங்கினால், விடை சரியாக வந்தாலும் அது தற்செயலே. இந்த மூன்று கேள்விகளும் ஆஸ்திரேலியாவில், குறிப்பாக மெல்பர்னிலும் சிட்னியிலும், மிகத் தெளிவாகக் காட்டக்கூடிய வரலாறு கொண்டவை. அதில் ஒரு பெரிய பங்கு சென்னையில் பிறந்த ஒருவருடையது.

சொற்கள்

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டார்னெய்ட், 2015-ல் ரயில் நிலையம் வந்த பிறகு வேகமாக நிறைந்த புறநகர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் ஈழத்திலிருந்து வந்தவர்களும் இங்கே அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது இரண்டு பாடநூல் மரபுகள் ஒரே மேசையில் சந்திக்கின்றன. தமிழ்நாட்டில் படித்தவருக்கு 'வேகம்' திசையில்லாத அளவு. திசையும் சேர்ந்தால் அது 'திசைவேகம்'. இலங்கையில் படித்தவருக்கு 'வேகம்' என்றாலே திசை உண்டு, திசையில்லாதது 'கதி'. இவர் 'நிலைமத் திருப்புத்திறன்' என்பதை அவர் 'சடத்துவத் திருப்பம்' என்பார். 'திருப்பு விசை' அங்கே 'முறுக்கம்'. கோண உந்தம் மட்டும் இரு கரையிலும் கோண உந்தமே. இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சொற்களைப் பின்பற்றுகிறது. ஆனால் வேறொரு வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர் 'வேகம்' என்ற சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

'திருப்புத்திறன்' என்ற சொல்லாக்கம் பாராட்டத்தக்கது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசைவதில்லை, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் திறக்கிறது. திருப்புவதற்கான திறன் தூரத்தைப் பொறுத்தது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

தொடக்கம்

கோண உந்தம் என்ற பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் நிழல் வானியலில் விழுந்துவிட்டது. சூரியனையும் ஒரு கோளையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சமப் பரப்பைக் கடக்கும் என்று கெப்ளர் 1609-ல் எழுதினார். அந்தப் பரப்பு வீதத்தைக் கோளின் நிறையால் பெருக்கி இரட்டித்தால் கிடைப்பது, சூரியனைப் பற்றிய கோளின் கோண உந்தம். 1687-ல் நியூட்டன் இந்த விதியை, விசை எப்போதும் ஒரே மையத்தை நோக்கி இருந்தால் போதும் என்று வடிவியலால் நிறுவினார். மையத்தை நோக்கிய விசைக்கு அம்மையத்தைப் பற்றிய திருப்பு விசை கிடையாது. வேறு புள்ளியைத் தேர்ந்தால் உண்டு. 'எந்தப் புள்ளியைப் பற்றி' என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. அதே நூலில் தம் முதல் விதிக்கு எடுத்துக்காட்டாக நியூட்டன் சொன்னவற்றில் ஒன்று பம்பரம்: காற்று தடுக்காதவரை அது சுழற்சியை விடுவதில்லை.

திண்மப் பொருளின் கணக்கு கடிகாரத்திலிருந்து வந்தது. ஊசலில் தொங்குவது ஒரு புள்ளியாக இல்லாமல் நீளமான கம்பியாக இருந்தால் அது எந்த நீளமுள்ள எளிய ஊசலைப் போல ஆடும்? 1673-ல் ஹைகன்ஸ் கண்ட விடையில், ஒவ்வொரு துணுக்கின் நிறையையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் இருமடியால் பெருக்கிக் கூட்டும் தொகை வந்தது. ஆய்லர் 1765-ல் திண்மப் பொருள்களின் இயக்கம் பற்றிய தம் நூலில் அத்தொகைக்குத் தனிப் பெயர் தந்தார். நாம் நிலைமத் திருப்புத்திறன் என்பது அதுவே. 1852-ல் ஃபூக்கோ கைரோஸ்கோப்பைச் செய்து, சுழலும் சக்கரத்தின் அச்சு தன் திசையை விடாமல் பற்றிக்கொள்வதைக் காட்டினார். 1858-ல் ஸ்காட்லாந்துப் பொறியியலர் ரான்கின், கோண உந்தத்தைச் சுழற்சித் தளத்துக்குச் செங்குத்தான ஒரு கோடாக, நீளமும் திசையும் கொண்டதாக வரையறுத்தார். இன்று வகுப்பில் வலக்கை விரல்களை மடக்கிக் கட்டைவிரலைப் பார்க்கிறோமே, அந்த வழக்கத்தின் வேர் இந்த வரையறையில் இருக்கிறது.

ஒரு மின்விசிறி

மேலே போகுமுன் எளிய கணக்கு ஒன்று. கூரை விசிறிக்கு மூன்று இறக்கை. ஒவ்வொன்றும் அரைக் கிலோ, அச்சிலிருந்து நுனிவரை 0.6 மீட்டர் என்று கொள்வோம். ஒரு முனையில் அச்சு உள்ள கோலின் நிலைமத் திருப்புத்திறன், நிறை × நீளத்தின் இருமடி ÷ 3. மூன்று இறக்கைக்கும் சேர்த்து 0.18 கிலோகிராம் மீட்டர்². விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், நொடிக்கு 5 சுற்று, அதாவது 31.4 ரேடியன். கோண உந்தம் ஏறத்தாழ 5.7.

இதே கணக்கைச் செய்யும் மாணவர்களிடம் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். 300-ஐ ரேடியனாக மாற்றாமல் அப்படியே பெருக்கினால் 54 வரும். 3-க்குப் பதிலாக 12-ஆல் வகுத்தால் 1.4 வரும், 12 என்பது நடுவில் அச்சுள்ள கோலுக்கு உரியது. ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டால் விடை நான்கு மடங்காகும். மூன்றில் முதலாவது அலகுப் பிழை, எளிதில் திருந்தும். மற்ற இரண்டும், அச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்காததால் வருபவை. படம் வரைந்து அச்சில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னாலே அவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

நூல்கண்டும் ஒற்றைத் தண்டவாளமும்

லூயி பிரென்னன் 1852-ல் அயர்லாந்தில் பிறந்து, 1861-ல் பெற்றோருடன் மெல்பர்னுக்கு வந்தவர். இங்கே பொறியியலர் அலெக்சாண்டர் கென்னடி ஸ்மித்திடம் தொழில் கற்றார். பின்னால் இழுத்தால் முன்னால் போகும் ஒரு பொறியைச் செய்ய முடியுமா என்பது அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி. அதைச் சாப்பாட்டு மேசையிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரே தடிமனான இரண்டு புத்தகங்களைச் சிறிது இடைவெளி விட்டு வையுங்கள். நூல்கண்டின் துளையில் ஒரு பென்சிலை இறுகச் செருகி, பென்சிலின் இரு முனைகளும் புத்தகங்களின் மேல் உருளும்படி, கண்டு நடு இடைவெளியில் தொங்கும்படி வையுங்கள். நூல் கண்டின் அடிப்பக்கத்திலிருந்து வரட்டும். நூலை மெல்ல உங்கள் பக்கம் இழுத்தால், கண்டு உங்களைவிட்டு விலகி ஓடும். முதல்முறை பார்க்கும் பிள்ளை நூலை விட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்காமல் இருப்பதில்லை.

காரணம் அச்சைத் தேர்வதில் இருக்கிறது. பென்சில் புத்தகத்தைத் தொடும் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் எல்லாம் சுற்றித் திரும்புவது அதைப் பற்றியே. புத்தகம் தரும் உராய்வும் தாங்கு விசையும் அதன் வழியே செல்வதால் அவற்றின் திருப்பு விசை சுழி. மிச்சமிருப்பது நூலின் இழுவிசை மட்டும். நூல் அந்தப் புள்ளிக்குக் கீழே இழுக்கிறது. எனவே புள்ளிக்குக் கீழே உள்ளது நம் பக்கம் வர, மேலே உள்ள பென்சிலின் மையம் எதிர்ப்பக்கம் போகிறது. மையத்தை அச்சாகக் கொண்டும் இதே விடையைப் பெறலாம். ஆனால் அப்போது தெரியாத உராய்வு விசையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பிரென்னன் இந்தக் கருத்தை வைத்து ஒரு கடற்கணையை வடிவமைத்து 1877-ல் காப்புரிமை பெற்றார். கணைக்குள் இரண்டு உருளைகளில் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கரையிலுள்ள நீராவிப் பொறி கம்பிகளை வேகமாகப் பின்னால் இழுக்க, உருளைகள் சுழன்று, கணை முன்னால் பாயும். 1879-ல் மெல்பர்ன் துறைமுக முகப்பான ஹாப்சன்ஸ் விரிகுடாவில் அது ஓடிக் காட்டப்பட்டது; டார்னெய்டிலிருந்து கிழக்கே காரில் போனால் விரைவில் எட்டிவிடும் கடற்கரை அது. 1887-ல் பிரிட்டிஷ் அரசு இந்தக் கணைக்காக அவருக்கு 1,10,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டது.

கோண உந்தக் கணக்குக்கு முக்கியமானது அதன் பின்புறம். கணையில் இரண்டு உந்துதகடுகள் ஒரே அச்சில், எதிரெதிர்த் திசையில் சுழன்றன. ஒன்றே ஒன்று இருந்தால், அது நீரைத் திருப்புவதற்கு ஈடாக நீர் கணையின் உடலை எதிர்த்திசையில் புரட்டப் பார்க்கும். எதிரெதிராக இரண்டு இருந்தால் ஒன்றின் கோண உந்தம் நேர்க்குறி, மற்றதனுடையது எதிர்க்குறி. கூட்டினால் சுழிக்கு அருகில். இரண்டையும் நேர்க்குறியாகப் போட்டுக் கூட்டும் மாணவருக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை. குறியை மறந்தால் கணை உருளும்.

பிற்காலத்தில் இங்கிலாந்தில் அவர் இதே பாடத்தைப் பெரிதாக்கினார். ஒற்றைத் தண்டவாளத்தில் சாயாமல் நிற்கும் 22 டன் வண்டியை 1909 நவம்பர் 10 அன்று கில்லிங்ஹாமில் 32 பேரை ஏற்றி ஓட்டிக் காட்டினார். வண்டியைச் சாயாமல் நிற்கவைத்தவை உள்ளே வேகமாகச் சுழன்ற கனத்த சக்கரங்கள். அவையும் இரண்டு, அவையும் எதிரெதிர்த் திசையில். ஒற்றைச் சக்கரம் நேர்ப்பாதையில் வண்டியைக் காக்கும். வளைவில் வண்டி திரும்பும்போது அச்சக்கரத்தின் அச்சும் வலுக்கட்டாயமாகத் திரும்புவதால், அதுவே வண்டியைச் சாய்க்கும் திருப்பு விசையாகிவிடும். இரண்டு இருந்தால் வளைவின் விளைவு ஒன்றை ஒன்று ஈடுகட்டும். ஆனால் அந்த வண்டி வணிகமாகவில்லை. 1932-ல் பிரென்னன் சுவிட்சர்லாந்தில் கார் மோதி இறந்தார். செயற்கைக்கோளின் திசையைத் திருப்ப இன்று உள்ளே சக்கரங்களைச் சுழற்றுகிறார்கள். மெல்பர்ன் பட்டறையில் தொடங்கிய அந்த எண்ண வரிசை இன்றும் உயிரோடிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

சுழற்பந்து

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் தமிழர் நினைவில் ஒரு கசப்போடு நிற்கிறது. 1995 டிசம்பர் 26 அன்று அங்கே, கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை நடுவர் மூன்று ஓவர்களில் ஏழு முறை தவறு என்றார். 11 ஆண்டு கழித்து, 2006-ல் அதே நாளில் அதே மைதானத்தில், மெல்பர்னின் மகன் ஷேன் வார்ன் தம் 700-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். முரளி 800 விக்கெட்டோடும் வார்ன் 708 விக்கெட்டோடும் முடித்தார்கள். இருவருடைய கையிலிருந்து புறப்பட்டதும் கோண உந்தமே.

கணக்கிடுவோம். கிரிக்கெட் பந்தின் நிறை 0.16 கிலோ, ஆரம் 0.036 மீட்டர். திண்மக் கோளமாகக் கொண்டால் நிலைமத் திருப்புத்திறன், நிறை × ஆரத்தின் இருமடி × 2/5, அதாவது 0.000083 கிலோகிராம் மீட்டர்². நொடிக்கு 40 சுற்று, அதாவது 251 ரேடியன் என்றால், தன் மையத்தைப் பற்றிய பந்தின் கோண உந்தம் 0.021. இனி அதே பந்து நொடிக்கு 22 மீட்டர் திசைவேகத்தில், ஸ்டம்புக்கு ஒரு மீட்டர் விலகிப் போகிறது என்போம். ஸ்டம்பைப் பற்றிய அதன் கோண உந்தம் 0.16 × 22 × 1, அதாவது 3.5. ஒரே பந்து, ஒரே கணம். ஒரு புள்ளியைப் பற்றி 0.021, இன்னொன்றைப் பற்றி அதைப்போல் 170 மடங்கு. 'பந்தின் கோண உந்தம் எவ்வளவு' என்று மட்டும் கேட்கும் வினாத்தாள் முழுக் கேள்வியைக் கேட்கவில்லை.

பந்து தரையில் பட்டபின் எவ்வளவு திரும்பும்? இங்கே சரியான புள்ளியைத் தேர்ந்தவருக்கு வேலை இரண்டு வரி. பந்து தரையைத் தொடும் இடத்தை எடுத்துக்கொள்வோம். உராய்வு அங்கேயே செயல்படுகிறது. தரையின் தாங்கு விசையும் அதன் வழியே செல்கிறது. எனவே, பந்து போகும் திசையில் அப்புள்ளி வழியாக வரையும் கோட்டைப் பற்றிய கோண உந்தம், அந்தக் குறுகிய தொடுகைக்குள் மாறாது. தொடுமுன் அது வெறும் சுழற்சி. பந்து பக்கவாட்டில் வழுக்காமல் உருளத் தொடங்கும்போது, பக்கவாட்டு நகர்ச்சியும் மிச்சச் சுழற்சியும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தொடுமுன் உள்ளதையும் பின் உள்ளதையும் சமப்படுத்தினால், பக்கவாட்டுத் திசைவேகம் = 2/7 × ஆரம் × தொடக்கக் கோணத் திசைவேகம். எண்களைப் போட்டால் நொடிக்கு 2.6 மீட்டர். பந்தின் நிறை கணக்கிலிருந்தே மறைந்துவிடுவதைக் கவனியுங்கள். உராய்வின் அளவும் தேவைப்படவில்லை. பட்டபின் பந்து நொடிக்கு 16 மீட்டரில் முன்னேறினால், 3 மீட்டர் தள்ளியுள்ள ஸ்டம்பை அடைவதற்குள் அது ஏறக்குறைய அரை மீட்டர், நம் கணக்கில் ஒரு முழத்துக்குச் சற்று மேல், விலகியிருக்கும்.

உண்மைப் பந்தின் சுழலச்சு எப்போதும் இப்படி நேராக இருப்பதில்லை. பந்து தரையைக் கவ்விப் பிடித்துக் கொஞ்சம் நசுங்கவும் செய்கிறது. சிட்னிப் பல்கலைக்கழக இயற்பியலர் ராட் கிராஸ், துள்ளும் பந்து வழுக்குவதும் கவ்வுவதும் பற்றி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் வழுக்கல், உருளல் என்ற எளிய படம் போதாது என்று அளந்து காட்டினார். முதலாண்டு மாணவர் எளிய படத்தைச் செய்து முடித்துவிட்டு அந்த ஆய்வைத் தேடிப் படிப்பது மிகவும் பயனுள்ளது.

பூமராங்

இந்த மண்ணின் பழங்குடி மக்கள் எறிந்து திரும்பப் பெறும் பூமராங்கும் கோண உந்தத்தால் திரும்புவதுதான். ஏறக்குறைய நிமிர்ந்த தளத்தில் சுழன்றுகொண்டே பறக்கும்போது, மேல்கை பறக்கும் திசையிலேயே வீசுவதால் காற்றை வேகமாக வெட்டுகிறது, கீழ்க்கை மெதுவாக. மேலே தாங்கு விசை கூடுதல். சுழலாத பொருளாக இருந்தால் கவிழ்ந்திருக்கும். கோண உந்தம் இருப்பதால் அந்தத் திருப்பு விசை சுழலச்சின் திசையை மெல்லத் திருப்ப, பாதை வட்டமாகிறது. 100 கிராம் எடை, முனைக்கு முனை 0.6 மீட்டர், நொடிக்கு 10 சுற்று என்றால் கோண உந்தம் சுமார் 0.19, கிரிக்கெட் பந்தைப்போல் ஒன்பது மடங்கு. நெதர்லாந்தின் ஃபீலிக்ஸ் ஹெஸ் 1975-ல் இதற்கென்றே முழு ஆய்வேடு எழுதினார். மருது சகோதரர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நம் வளரியும் சுழன்று பறக்கும் கருவிதான். அதற்கும் இப்படி ஓர் ஆய்வேடு வேண்டும்.

பால் கேன்கள்

நிலைமத் திருப்புத்திறன் நடுவழியில் மாறினால் என்ன ஆகும் என்பதே அடுத்த படி. வீட்டிலுள்ள சுழல் நாற்காலியும் இரண்டு லிட்டர் பால் கேன்கள் இரண்டும் போதும். கைகளை நீட்டி, கேன்களை அச்சிலிருந்து 0.8 மீட்டரில் பிடித்துச் சுற்றச் செய்தால், கேன்களின் பங்கு 2 × 2 × 0.64, அதாவது 2.56. உடலுக்கும் நாற்காலிக்கும் 1.2 என்று கொண்டால் மொத்தம் 3.76. கேன்களை 0.2 மீட்டருக்கு இழுத்ததும் அவற்றின் பங்கு 0.16 ஆகக் குறைய, மொத்தம் 1.36. கோண உந்தம் மாறாததால் சுழற்சி 2.8 மடங்கு வேகமாகும். ஆற்றலும் அதே மடங்கு கூடுகிறது. அது கேன்களை உள்ளே இழுத்த கைகள் செய்த வேலை. 'ஆற்றலும் மாறாது' என்று எழுதித் தவறுபவர்கள் பலர். ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்து கேன்களை இழுத்துப் பார்த்தவர், கை வலித்ததை மறக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் பதினோராம் வகுப்பு இயற்பியலின் ஐந்தாம் அலகில் வந்துவிடுகிறது. விக்டோரியாவில் பள்ளிப் பாடம் திருப்பு விசையும் சமநிலையும் வரை வந்து, கோண உந்தத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழக முதலாண்டுக்கு விட்டுவிடுகிறது. ஊரிலிருந்து அத்தை மகன் கேட்கும் கணக்கு டார்னெய்டுப் பிள்ளைக்குத் தெரியாமல் போவது இதனால்தான். பிள்ளையின் திறமையில் குறை இல்லை.

பார்க்ஸ், 1969

வெங்கடராமன் ராதாகிருஷ்ணன் 1929-ல் சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்தார். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனின் மகன். ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் ரேடியோ வானியலில் பணியாற்றிவிட்டு, 1965-ல் சிட்னியில் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ரேடியோ இயற்பியல் பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவின் பெருமை, நியூ சவுத் வேல்ஸின் பார்க்ஸ் ஊருக்கு அருகே 1961-ல் நிறுவிய 64 மீட்டர் தொலைநோக்கி.

1968-ல் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் மொலாங்லோ தொலைநோக்கி, வேலா என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டது. 89 மில்லி நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 11 முறைக்கு மேல், ரேடியோத் துடிப்பு. ராதாகிருஷ்ணனும் ரிச்சர்ட் மான்செஸ்டரும் பார்க்ஸிலிருந்து அதன் காலத்தை அளந்துவந்தார்கள். நாள்தோறும் சுமார் 11 நானோ நொடி அளவு அதன் சுழற்சிக் காலம் நீண்டுகொண்டே போனது. காந்தப்புலத்தின் வழியே ஆற்றலை இழக்கும் பொருள் மெதுவாவது இயல்பே. ஆனால் 1969 பிப்ரவரி 24-க்கும் மார்ச் 3-க்கும் இடையே எப்போதோ, காலம் திடீரென்று ஏறத்தாழ 200 நானோ நொடி குறைந்துவிட்டது. கிட்டத்தட்ட 19 நாள் மெதுவானதை அந்த விண்மீன் ஒரே தாவலில் மீட்டுக்கொண்டது. அமெரிக்காவில் ரைக்லியும் டௌன்சும் அதையே தனியாகக் கண்டிருந்தார்கள். இரண்டு அறிக்கைகளும் அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வந்தன. துடிப்பு விண்மீன்களின் திடீர்த் தாவல் பற்றிய முதல் பதிவு அது.

பதினோராம் வகுப்பு வாய்பாட்டை இங்கே போட்டுப் பார்க்கலாம். சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறை, 10 கிலோமீட்டர் ஆரம், சீரான கோளம் என்று கொண்டால், நிலைமத் திருப்புத்திறன் 1.1-ஐ 10-இன் 38-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு. இது பூமியின் நிலைமத் திருப்புத்திறனோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. பூமிக்கு அது 8-ஐ 10-இன் 37-ஆம் அடுக்கால் பெருக்கியது. பூமி எடையில் மிகக் குறைவு, ஆனால் ஆரத்தில் 600 மடங்குக்கு மேல் பெரியது. ஆரம் இருமடியாக வருவதால் வித்தியாசம் ஈடாகிவிடுகிறது. பூமி நாளுக்கு ஒருமுறை, வேலா நொடிக்கு 11 முறை. கோண உந்தத்தில் பத்து லட்சம் மடங்கு இடைவெளி அந்தச் சுழற்சியிலிருந்து வருகிறது.

அடுத்து, 200 நானோ நொடி. 89 மில்லி நொடியில் அது பத்து லட்சத்தில் 2.2 பங்கு. வெளியிலிருந்து யாரும் திருகவில்லை என்றால் நிலைமத் திருப்புத்திறன் அதே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும். அது ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஆரம் பத்து லட்சத்தில் 1.1 பங்கு சுருங்கினால் போதும். 10 கிலோமீட்டரில் அது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். விண்மீனின் ஓடு விரிசல்விட்டு ஒரு விரல் அகலம் இறங்கியது என்று அன்று பலர் எண்ணினார்கள். கேன்களை உள்ளே இழுத்த அதே கணக்கு.

கணக்கு சரி, விளக்கம் நிலைக்கவில்லை. வேலா இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதே அளவில் தாவியது. அத்தனை முறை ஒரு சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்க எந்த ஓட்டிலும் அவ்வளவு இறுக்கம் சேர்ந்திருக்காது. 1975-ல் ஆண்டர்சனும் இடோவும் வேறு வழி காட்டினார்கள். விண்மீனின் உள்ளே நியூட்ரான்கள் உராய்வில்லாத மீப்பாய்மமாக இருக்கின்றன. ஓடு மெதுவானாலும் உள்ளிருக்கும் பாய்மம் பழைய சுழற்சியையே பிடித்துவைத்திருக்கிறது. வேறுபாடு எல்லை மீறும்போது, அதன் நுண்சுழல்கள் பிடி விட்டு, பாய்மத்தின் கோண உந்தத்தில் ஒரு பங்கு ஓட்டுக்கு மாறுகிறது. ஓடு வேகமாகிறது, பாய்மம் மெதுவாகிறது, மொத்தம் அப்படியே. முதல் விளக்கம் தடுமாறியது, எந்தப் பொருள்களைச் சேர்த்துக் கணக்கிடுவது என்ற கேள்வியில். விண்மீனை ஒரே துண்டாகக் கொண்டார்கள்; அது இரண்டாக இருந்தது.

ராதாகிருஷ்ணன் 1972-ல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகத் திரும்பி, 1994 வரை அதை நடத்தினார். 2011-ல் மறைந்தார். தமிழில் எழுதப்படும் ராமன் வாழ்க்கை வரலாறுகளில் மகனைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். பள்ளிப் பாடநூலின் ஐந்தாம் அலகில் அவருடைய 1969 அளவீடு ஒரு எடுத்துக்காட்டுக் கணக்காக வர வேண்டும். எண்கள் எல்லாம் அந்த வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டுபவையே.

2016 டிசம்பர் 12 அன்று, தாஸ்மானியாவின் ஹோபார்ட் அருகே உள்ள 26 மீட்டர் தொலைநோக்கி, வேலாவின் ஒரு தாவலைத் துடிப்பு துடிப்பாகப் பதிவுசெய்தது. அந்தப் பதிவை மெல்பர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஆராய்ந்து, 2019-ல் முடிவை வெளியிட்டது: ஓடு முதலில் தேவைக்கு மேல் வேகமாகி, பிறகு சற்றுத் தணிந்து நிலைபெற்றது, தாவலுக்குச் சற்று முன் அதன் சுழற்சி குறைந்ததற்கும் அறிகுறி இருந்தது. வேலா இன்றும் நொடிக்கு 11 முறைக்கு மேல் சுழன்றுகொண்டு, நாளுக்கு 11 நானோ நொடி வீதம் மெதுவாகி வருகிறது.